ஒட்டுக்கட்டுக்குக் கீழே அண்ணன்

மிதெல்த் ஊரில் ஹத்தா என்ற பெண்ணுக்கு நாற்பதாயிரம் அண்ணன்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் ஆப்பிள் மரங்கள். பெட்டி ஆப்பிள் என்ன விலைக்குப் போகிறது, ஐயாச்சி மலையில் பனி எந்த வாரம் விழுந்தது என்பதைப் போல இதுவும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வெளியூர் லாரி டிரைவர்கள்தான் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு தோட்டத்துக்குள் போய், ஹத்தா நடக்கிற பக்கமாக மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்வதைப் பார்த்ததும், வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். அந்த மரங்கள் மார்க்கப்படி அவளுக்கு அண்ணன்கள்தானா, இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதில்தான் அவள் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் அவள் அம்மா இத்தோ செய்த வேலை. இத்தோ எங்கள் மலைக்காரி. தலைநகர் ரபாத்தில் படித்து, பிறகு பிரான்சுக்குப் போய், துளியூண்டு குருத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து ஆயிரம் செடியாக்கும் வித்தையில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவள். ஊரில் பாதித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரரான ஹாஜ் மிமூன், தன் குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் அவளுக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார். செல்போன் இன்னும் மிதெல்துக்கு வராத காலம் அது. ஆப்பிள் மரம் என்பது ஒரு மரமல்ல, இரண்டு. கீழே வேர்ச்செடி, மேலே பழம் தரும் சாதி. இரண்டும் சேரும் இடத்தில் முழங்கால் போல ஒரு புடைப்பு இருக்கும், அதுதான் ஒட்டுக்கட்டு. வெளிநாட்டிலிருந்து ஹாஜ் இறக்கிய வேர்ச்செடிகள் எங்கள் சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளடித்துச் செத்தன. ஆனால் ஓடைக்கரையில் ஒரு குட்டைக் காட்டு ஆப்பிள் மரம் எந்த வறட்சிக்கும் அசையாமல் நின்றது. அதைப் பெருக்கித் தருவதுதான் இத்தோவின் வேலை.

குருத்துகள் குடுவைக்குள் புற்றீசல் போலப் பெருகின. வேர் மட்டும் விடவில்லை. வேர் மருந்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், சர்க்கரையை மாற்றினாள், இருட்டில் வைத்தாள். அடிப்பக்கம் வீங்கிக் கறுத்ததுதான் மிச்சம். கடைசியில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து வேர்விட வைக்கும் மரபணுவை எடுத்துக் குருத்துகளுக்குள் ஏற்றினாள். அப்படிச் செய்த மரத்தைத் தோட்டத்தில் நட நாட்டில் அனுமதி கிடையாது. அது அவளுக்குத் தெரியும், ஹாஜுக்கும் தெரியும், அப்படி ஏற்றியது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அப்போதும் வேர் வரவில்லை. இதற்கு நடுவில்தான் ஹத்தா பிறந்தாள். கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இத்தோ வேலைக்கு வந்துபோனாள். மத்தியானமானால் பால் சுரந்து வெள்ளைக் கோட்டு நனைந்துவிடும்.

ஒருநாள் ஹாஜ் வந்து குடுவைகளைப் பார்த்தார். மரியாதைக்குரிய பெண்ணை எங்கள் பக்கம் லல்லா என்போம். "லல்லா இத்தோ, ரெண்டு வருஷமா கண்ணாடிக்குள்ள சாலட்டா வளக்கற? பெருநாளுக்கு முன்னாடி வேர் வரலன்னா இந்தக் கட்டடத்தில ஆட்டை அடைச்சிருவேன். அதுங்களாவது குட்டி போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தோவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு படித்தவள் அடுத்துச் செய்ததை எங்கள் மலையில் பிறந்தவள் மட்டும்தான் செய்வாள். அந்தக் காலத்தில் தண்ணீருக்காக வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டங்கள் சமாதானமாகும்போது, இந்தப் பக்கத்துத் தாய்மார்களின் பாலை அந்தப் பக்கத்தாரும், அந்தப் பக்கத்துப் பாலை இந்தப் பக்கத்தாரும் குடிப்பார்கள். அதற்குப் பிறகு ஒருவர் கேட்பதை மற்றவர் மறுக்க முடியாது. மறுத்தால் கண் போகும், மந்தை அழியும். பால் சத்தியம் என்றால் அதுதான். இத்தோ கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு குடுவையாகத் திறந்து தன் பாலில் ஒரு சொட்டு விட்டு, "குடிச்சுட்ட இல்ல? இனி மாட்டேன்னு சொல்லாத" என்று கண்டிப்பாகச் சொல்லி மூடினாள். பூஞ்சணம் பிடித்து எல்லாம் நாறிப்போயிருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அத்தனை குடுவையிலும் சேமியா போல வெள்ளை வேர் இறங்கியிருந்தது. ஹாஜ் அவள் தலையில் முத்தமிட்டார். ஆடுகளுக்கு வேறு இடம் பார்த்தார்.

கன்றுகள் மேட்டுநிலம் முழுக்கப் பரவின. ஹத்தா நடக்கப் பழகியதும் தோட்டக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அவள் எந்தப் பக்கம் போனாலும் கன்றுகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. அவளுக்கு அம்மை போட்ட வசந்தத்தில் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பூகூடக் காயாகவில்லை. முதல் முறை கவாத்து செய்தபோது வெட்டுவாயில் வெள்ளையாகக் கசிந்தது. நோய் என்று பயந்து ஹாஜ் அதைச் சீசாவில் பிடித்து மெக்னெஸ் நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். கொழுப்பு நன்றாக இருக்கிறது, எந்தக் கறவையிலிருந்து எடுத்தது என்று அங்கிருந்து கேட்டு அனுப்பினார்கள். இத்தோவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. பெண்கள் கூடிக் குளிக்கும் ஹம்மாமில் பால் விட்ட கதையைத் தோழி ஒருத்தியிடம் சொன்னாள். ஹம்மாமில் சொன்னால் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மரபணு கதையை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மசூதியில் தீர்ப்புச் சொல்லும் ஃபகீஹ் லஹ்ஸனிடம் விவகாரம் போனது. நல்ல மனிதர், ஆனால் நாய் கடித்ததா, கடிக்க வந்ததா என்பதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். அவர் வெகுநாள் யோசித்து, தாய்ப்பால் ஒரு சொட்டு உள்ளே போனாலும் உறவுதான், மரமென்றும் மனிதனென்றும் எந்தக் கிதாபிலும் பிரித்துச் சொல்லவில்லை, ஆகவே அந்த மரங்கள் ஹத்தாவுக்கு உடன்பிறப்பு என்றார். சொத்தில் பங்கு இல்லை, கல்யாணம் மட்டும் கூடாது. மரத்தை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று எல்லாரும் சிரித்தார்கள். உடனே அடுத்த சந்தேகம் வந்தது. மேலே ஒட்டிய கிளை வேறு சாதியாயிற்றே? ஃபகீஹ் இன்னும் கொஞ்சம் யோசித்து, ஒட்டுக்கட்டுக்குக் கீழே அண்ணன், மேலே அந்நியன் என்றார். ஹத்தா வயதுக்கு வந்தபோது அவள் அத்தை இதைப் பிடித்துக்கொண்டாள். "மேல்பாதி யாரோ என்னவோ, முக்காட்டை இழுத்து விட்டுட்டுப் போடி" என்பாள். ஹத்தா முக்காடு போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவாள். பழத்தை மட்டும் அவள் வாயில் வைத்ததே இல்லை. சாப்பிடலாம் என்று ஃபகீஹே சொன்னபோதும், அண்ணன் வீட்டிலிருந்து வந்ததைக் கடிக்க மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில்தான் அவளுக்கு ஸாயித் மேல் பிரியம் வந்தது. ஸாயித் ஆலங்கட்டி மழைக்கு மரங்களின் மேல் வலை கட்டுகிறவன். நாள் முழுக்க ஏணி மேலேயே இருப்பான், கயிறும் முடிச்சும் அவனுக்கு விரலோடு பிறந்தவை. மற்ற பையன்கள் ஹத்தாவை ஏறிட்டுப் பார்த்தால் தலையில் காய் விழும், பல பேருக்கு மண்டை வீங்கியிருக்கிறது. ஸாயித் பார்த்தால் மட்டும் மரங்கள் சும்மா இருந்தன. "உங்கண்ணனுங்க என்னை விட்டுட்டாங்க பாத்தியா? மச்சான்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று ஏணியிலிருந்து சொல்வான். "ஏணி சாயட்டும், அப்ப தெரியும் மச்சானா, மண்ணாங்கட்டியான்னு" என்பாள் ஹத்தா. அவன் அவளைவிட மூன்று வயது இளையவன். ஊர் முதலில் அதைத்தான் பேசியது. பெண் கேட்டு அவன் அப்பா பாஸ்ஸு சர்க்கரைக் கூம்புகளோடு வந்த பிறகு வேறொன்றைப் பேச ஆரம்பித்தது.

பாஸ்ஸு ஓடைக்கரைத் தோட்டத்தின் காவல்காரர். ஸாயித்தைப் பெற்றுப் போட்டுவிட்டு அவர் மனைவி பனிக்காலத்திலேயே போய்ச் சேர்ந்தாள். வழி மூடிக் கிடந்தது, ஆடுகளுக்கும் மடி வற்றியிருந்தது. பாஸ்ஸு என்ன செய்வார், அப்போதுதான் கவாத்து செய்திருந்த மூலைமரத்தின் வெட்டுவாயில் துணியை நனைத்து நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தார். அந்தப் பாலில்தான் ஸாயித் பிழைத்தான். இதை ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பெண் கேட்டு வந்த இடத்தில் பெருமையாகவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஃபகீஹின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை நடுவழியில் நின்றது. பால் கொடுத்தவள் தாய், கசிந்தது மேல்கிளை என்றாலும் பால் ஏறி வந்தது கீழே வேரிலிருந்து. ஆகவே மூலைமரம் ஸாயித்துக்கு அம்மா. அந்த மரம் ஹத்தாவுக்கு உடன்பிறப்பு. இத்தனை நாள் அண்ணன் என்றிருந்தோம், பால் கொடுத்தபடியால் அக்கா என்று வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் தங்கச்சி யார்?

"சித்தி" என்றார் ஃபகீஹ். "சித்தியைக் கட்டிக்க முடியாதுப்பா. பாலுறிஞ்ச உறவும் பெத்த உறவும் இதில ஒண்ணுதான்."

ஸாயித் எழுந்து நின்றுவிட்டான். "இவளா எனக்குச் சித்தி? நேத்துக்கூட என் ஏணியைத் தள்ளிவிட்டாளே!"

"சித்தின்னா தள்ளிவிட மாட்டாளா?" என்று கேட்டார் பாஸ்ஸு. பாவம், அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொண்டுவந்த சர்க்கரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று வாசலில் வெகுநேரம் நின்றார்.

அன்றைக்கு ஹத்தா அம்மாவின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். மகள் அழுவதைப் பார்த்து இத்தோ இருபத்து சொச்சம் வருஷமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். குருத்துக்குள் வேர்விடும் மரபணுவும் ஏற்றியிருந்தேன், வேர் அதனால்கூட வந்திருக்கலாம் என்றாள். ஹத்தா அவளை இழுத்துக்கொண்டு ஃபகீஹிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார். வேர்தான் மரத்துக்கு வாய். வாய் அந்த மரபணுவால் தானாக வந்தது என்றால், பால் சும்மா பக்கத்தில் கிடந்ததாகத்தான் கணக்கு, உறவே இல்லை, கல்யாணம் செய்யலாம். பாலால் வாய் திறந்தது என்றால் உறவுதான், கல்யாணம் கூடாது. "எதனால வந்துச்சு, அதை மட்டும் சொல்லு லல்லா, நான் இப்பவே துஆ ஓதிடறேன்" என்றார்.

இத்தோவுக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை. இரண்டையும் ஒரே குடுவையில் செய்தவள் அவள்தான், அவளுக்கே தெரியவில்லை. ஒட்டுக்கட்டுக்குக் கீழே துளிர்த்த இலையைப் பறித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தாள். காலையில் மரபணு இருந்தது. அதே இலையில் மத்தியானம் இல்லை. மறுநாள் பாதி இருந்தது. பாதி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று படித்தவள் அவள். அதற்குள் ஹாஜ் மிமூன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். "மரபணுன்னு நீ வாயைத் திறந்தா, ரபாத்திலேர்ந்து ஆள் வந்து அத்தனை மரத்தையும் பிடுங்கிப் போட்டு எரிப்பான். பால்னு சொல்லு. ஊர் பிழைக்கும்." இத்தோ, "பால்னு சொன்னா என் பொண்ணு?" என்று கேட்டாள். ஹாஜுக்கும் ஹத்தாவைப் பிடிக்கும். தாடியைத் தடவிக்கொண்டே மரங்களைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு ஊரே இரண்டாகப் பிரிந்தது. பால்காரர்கள் என்றும் மரபணுக்காரர்கள் என்றும் காப்பிக்கடையில் தனித்தனி மேஜையில் உட்கார்ந்தார்கள். ஒரே ஆள் காலையில் இந்த மேஜையிலும் சாயங்காலம் அந்த மேஜையிலும் உட்கார்ந்ததும் உண்டு. தோட்டம் வைத்திருக்கும் பெண்கள் ஹத்தாவைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக ஆப்பிளை விடுவதா என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சந்தடி எப்படியோ ரபாத்தை எட்டியது. அறுவடை முடிந்ததும் வேர்ச்செடியைத் தோண்டிப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார், பின்னாலேயே மண்வாரி இயந்திரங்களும் வருகின்றன என்று தகவல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தை கூடிக்கிடந்த பட்டப்பகலில், ஹத்தா முக்காடு இல்லாமல் ஓடைக்கரைத் தோட்டத்துக்குப் போனாள். வழக்கம்போல மரங்கள் சாய்ந்தன. சந்தையை விட்டுவிட்டு நாங்கள் பாதிப் பேர் வேலி ஓரமாக நின்றோம். மூலைமரத்தின் ஒட்டுக்கட்டில் கையை வைத்து அவள் பேசினாள், வேலி வரைக்கும் கேட்டது.

"நீங்க அண்ணனா, அக்காவா, ஒண்ணுமே இல்லையா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எங்கம்மாவுக்கே தெரியல. ஆனா அவ பாலைக் குடிச்சிருந்தா, நான் கேக்கறதை நீங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. அதனால கேக்கறேன். என்னை விட்டுடுங்க. எனக்கு நீங்க யாரும் வேண்டாம்."

சொல்லிவிட்டு அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலியில் நின்ற நாங்களும் அழுதோம், எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. மரங்கள் மெல்ல நிமிர்ந்தன. பிறகு ஒவ்வொரு மரத்தின் அடியிலிருந்தும் பால் வடிய ஆரம்பித்தது. வரப்பில் இறங்கி, வாய்க்காலில் சேர்ந்து, மேட்டுநிலம் முழுக்க நுரைத்துக்கொண்டு ஓடியது. சிலர் குடத்தோடு ஓடினார்கள். யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, குடித்தால் நாளைக்கு ஊருக்குள் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்க முடியாமல் போகும் என்று ஃபகீஹ் லஹ்ஸன் ஒலிபெருக்கியில் தொண்டை கட்டக் கத்தினார். பூனைகள் குடித்தன. பூனைகள் விஷயத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஏணி மேல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஸாயித்துக்கு இருமல் வந்தது. இருமி இருமி ஒரு கோப்பை வெள்ளைப் பாலைக் கக்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் வாய்க்கால் பழையபடி தண்ணீரானது.

பெருநாளுக்குப் பிறகு அதிகாரி வந்தார், கெட்டிக்காரர். முதல் மரத்தடியில் தோண்டச் சொன்னார். ஒட்டுக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வேர் இல்லை, அடிமரம் இல்லை. நாற்காலியை வைத்தது போல மரம் மண்மேல் நின்றது. பத்துத் தோட்டங்களில் தோண்டினார்கள், எல்லா இடத்திலும் அப்படியே. "வேர்ச்செடி எங்கய்யா?" என்று கேட்டார். "எந்த வேர்ச்செடி ஐயா?" என்றார் ஹாஜ் மிமூன், வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையாகவே குழம்பிப் போய். சோதிக்க வேர் இல்லாத மரத்தைப் பிடுங்கச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று அதிகாரிக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர் ஆப்பிள் இரண்டு பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். மண்வாரி இயந்திரங்கள் வரவில்லை. ஃபகீஹும், திரும்பக் கொடுத்த பாலுக்கு உறவு கிடையாது என்று இந்த முறை யோசிக்காமல் சொன்னார்.

கல்யாணம் தடபுடலாக நடந்தது. ஆணும் பெண்ணுமாகத் தோள் சேர்த்து அஹீதூஸ் ஆடினோம். விருந்து முடிந்ததும் ஸாயித் ஓர் ஆப்பிளை நறுக்கி ஹத்தாவிடம் நீட்டினான். அவள் முதல் முறையாகக் கடித்தாள். எப்படி இருக்கிறது என்று இத்தோ கேட்டாள். "நல்லாருக்கும்மா, ஆப்பிள் மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மருதாணிக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் தோட்டத்து வழியாக அவள் புருஷன் வீட்டுக்குப் போனபோது ஒரு மரமும் சாயவில்லை. அவள் நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்றிலிருந்து மிதெல்தில் மரங்களைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். காய்ப்பில் குறைவில்லை, வேரில்லாமலும் எப்படியோ காய்க்கின்றன. மலைக்காற்று இறங்கினால் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். வலை கட்டிக்கொண்டிருந்த ஸாயித் இப்போது மரம் கட்டுகிறான், கூலி மரத்துக்கு இரண்டு திர்ஹம். காற்றடிக்கிற நாளில் பள்ளிக்கூடம், கடை எல்லாம் மூடிவிட்டு ஊரே தோட்டத்தில் நின்று ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹத்தாவும் வருவாள், தனக்கு ஒன்றுமே ஆகாத மரங்களை மற்றவர்களைப் போல அவளும் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்குப் பையன் பிறந்த வருஷம் பெருங்காற்று அடித்தது. ஓடைக்கரைத் தோட்டத்தில் கயிறுகள் பட் பட்டென்று அறுந்தன. காற்று மூலைமரத்தைத் தூக்கியெறிகிற நிலைக்கு வந்துவிட்டது, ஸாயித் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நின்றான். ஹத்தா குழந்தையைப் பாஸ்ஸுவிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். மண்டியிட்டு, ஒட்டுக்கட்டுக்குக் கீழே மண்ணில் தன் பாலைப் பீய்ச்சினாள். "இவன் உசிரைக் காப்பாத்தினவ நீ. உன்னை விட முடியாதுடி" என்றாள். மரம் நின்றது. காற்று ஓய்ந்ததும் ஸாயித் கையை எடுத்துப் பார்த்தான், அசையவில்லை. இத்தோ வந்து மண்ணை விலக்கி, வெள்ளை வேர் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, எதனால் என்று யாரும் தன்னைக் கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஃபகீஹ் லஹ்ஸன் அந்த வாரம் முழுக்க வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினார். இன்றைக்கு எங்கள் தோட்டங்களில் கயிறு கட்டாத மரம் அது ஒன்றுதான். ஹத்தாவின் பையனுக்கு அதுதான் அக்கா. அவன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது கொஞ்சம் அந்தப் பக்கமாகச் சாயும்.